தமிழுக்கு மட்டும் செவிடு

கொட்டாஞ்சேனை
11.02.2024

டொலி அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் வட்ஸ்அப்பில்தான் எழுதினேன். அது உங்களிடம் போய்ச் சேராமலே கிடந்தது. டில்ஷானி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா ஒயாவ ப்ளொக் கரலா", அக்கா உங்களை ப்ளொக் பண்ணிவிட்டா என்று சிரித்தாள். கட்டின மனுசியே சிரிக்கும் அளவுக்கு என் நிலைமை வந்துவிட்டது. அதுதான் தபால் கந்தோரில் வரிசையில் நின்று முத்திரை வாங்கினேன்.

சுகம் விசாரிக்க எழுதவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு உதவி வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஆமியில் இருந்தபோதே எனக்கு இரண்டு காதும் போய்விட்டது. பீரங்கி இழுக்கும் லொறியை ஓட்டியவன் நான். அது வெடிக்கும்போதெல்லாம் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு ஒரு நாள் முகாமுக்குள்ளேயே ஷெல் விழுந்தது. அன்றைக்கு முக்கால்வாசி போனது, மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. யாருக்கும் சொல்லவில்லை. விலகி வந்த பிறகு இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக்கு லொறி ஓட்டினேன் அல்லவா? போன வருடம் லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒரு மனிதர் கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. மயிரிழையில் தப்பினார். சாவியை அன்றே மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தேன். மருத்துவச் சபை முடியாது என்றது. மேன்முறையீடு செய்தேன். அதுவும் இப்போது திரும்பி வந்திருக்கிறது. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தும் பரிசோதனையில் நான் செவிடாம். ஆனால் சபைக்கு முன்னால் கேட்ட எல்லாக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொன்னேனாம். இரண்டும் பொருந்தவில்லை, மேலதிக மருத்துவச் சான்று கொண்டு வா என்று எழுதியிருக்கிறார்கள். பச்சையாகச் சொன்னால், நான் நடிக்கிறேன் என்கிறார்கள்.

டொக்டரின் சான்றோடு, ஆமிக்குப் போகுமுன் என் காது நன்றாக இருந்தது என்று இரத்த உறவு ஒருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் நல்லதாம். அம்மா இல்லை. மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கிளறன்ஸ்


வெள்ளவத்தை
17.02.2024

கிளறன்ஸ்,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன், உன் அத்தான் என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு தம்பிக்கு அக்காவின் ஞாபகம் வந்திருக்கிறது. அதுவும் ஒரு கையெழுத்துக்கு! நல்லாயிருடாப்பா.

அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்குப் பிறகு உன் வீட்டில் சாப்பாடு. ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் அம்மா போனபோது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வர வழியில்லாமல் நான் இங்கே கிடந்து துடித்தேன். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் முதல் தடவையாக வாயைத் திறந்து உன்னைக் கேட்டேன். "அம்மா கடைசியா என்னைத் தேடினவவா?" அழுதுகொண்டு கேட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாய், கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே போனாய். போனவன் என்ன செய்தாய்? ஒழுங்கையில் நின்ற ஓட்டோக்காரனோடு சிங்களத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்தாய். அந்தச் சிரிப்பை யன்னலால் பார்த்தேன்.

இப்போது காது கேட்காதாம். யாருக்கடா காது குத்துகிறாய்? எங்கள் மீன்காரனோடு நீ பேரம் பேசினதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவன் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, ஒரு சொல் தவறவில்லை. சிங்களம் என்றால் எல்லாம் கேட்கும். அக்கா தமிழில் கூப்பிட்டால்தான் கேட்காது. தமிழுக்கு மட்டும் செவிடான காதை உலகத்தில் எந்த டொக்டரடா நம்புவார்?

வங்கியில் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதைப் பொய்ச் சத்தியத்தில் போடமாட்டேன். நாளைக்கு ஆண்டவருக்கு முன்னால் நிற்கப்போகிறவள் நான்.

அவர் என்னவென்றால், "ஒருக்கா யோசியும், அவன் பொய் சொல்லுற ஆள் இல்லை" என்கிறார். அவருக்கு எல்லாரும் நல்லவர்கள்.

பேர்ணடெற் உமாசுதன்
(உனக்கு இனி டொலி அக்கா இல்லை)


கொட்டாஞ்சேனை
25.02.2024

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு, உடனே எழுதியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். டில்ஷானி பேனையை ஒளித்து வைத்துவிட்டாள். அவளுக்கு நன்றி சொல்லுங்கள்.

கோபம் ஆறின பிறகு ஒரு வரி மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தமிழுக்கு மட்டும் செவிடு என்று எழுதினீர்கள். நக்கலுக்குத்தான் எழுதினீர்கள். ஆனால் அக்கா, அது உண்மை. எனக்கே அதுவரை அப்படித் தோன்றவில்லை.

முகாமில் தமிழன் நான் ஒருவன்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாதவனை மற்றவர்கள் என்றால் செவிடன் என்பார்கள். திரும்பாதவன் தமிழன் என்றால் என்ன நினைப்பார்கள்? எனக்கு அந்தப் பயம். ஆகவே ஆட்களின் வாயைப் பார்க்கப் பழகினேன். சாப்பிடும்போதும், சீட்டு விளையாடும்போதும், திட்டு வாங்கும்போதும் வாயைத்தான் பார்த்தேன். எல்லாம் சிங்கள வாய்கள். பிறகு கட்டினதும் வத்தளைப் பெண்ணை. வீட்டிலும் சிங்களம். இப்போது வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கதைத்தால் ஒரு சொல்லும் தப்பாது. ஓட்டோக்காரன், மீன்காரன், மருத்துவச் சபை, எல்லாரும் அப்படித்தான் கதைக்கிறார்கள்.

சபைக்குப் போன அன்று முகம் வழித்து, சேர்ட்டை அயர்ன் பண்ணி, நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரிய அதிகாரி நேரே பார்த்துக் கேட்கிறார். பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது அக்கா. பழக்கம். என் வழக்கை நானே கெடுத்துக்கொண்டு, "ஸ்தூதி சேர்" என்று நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

தமிழ் வாய் எனக்குப் பிடிபடுவதில்லை. காது கேட்ட காலத்தில் வாயைப் பார்க்க வேண்டிய தேவையில்லை, தேவை வந்த காலத்தில் பக்கத்தில் தமிழ் இல்லை. அன்று மேசையில் நீங்கள் அழுதுகொண்டு எதையோ கேட்டது தெரிந்தது. என்ன கேட்டீர்கள் என்று விளங்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் "எனக்குக் காது கேட்காது" என்று சொல்ல வாய் வரவில்லை. எழும்பிப் போய்விட்டேன். ஓட்டோக்காரனோடு சிரித்தது, அங்கேயாவது மனிதனாக நிற்கலாம் என்றுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அம்மா கடைசியாகக் கதைத்தது தமிழில். மற்றைய நேரம் டில்ஷானிக்கும் விளங்கச் சிங்களத்தில் சொல்லுவார், கடைசியில் அந்த நினைவு இல்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. நான் குனிந்து பார்த்தேன், பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. டில்ஷானிக்குத் தமிழ் அரைகுறை. அவளுக்கு விளங்கியது உங்கள் பெயர் மட்டும். "டொலி, டொலி" என்று ஓயாமல் கூப்பிட்டாராம். இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் ப்ளொக் பண்ணினீர்கள், நானும் வீம்பு பிடித்தேன்.

சத்தியக் கடதாசி வேண்டாம். நம்பாமல் போட்ட கையெழுத்து எனக்கு எதற்கு?

கிளறன்ஸ்


வெள்ளவத்தை
04.03.2024

தம்பி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். உனக்குத் தெரியாது.

உள்ளதைச் சொன்னால், உன் கடிதத்தை நான் முழுக்க நம்பவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டதை வாசித்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஆனால் அழுது முடிந்ததும் எனக்குள் இருக்கும் வங்கிக்காரி எழும்பிவிட்டாள். கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்றாள். அதுதான் வந்தேன்.

மாலைப் பூசை முடிந்து நீ கோயில் வாசலில் நின்றாய். டில்ஷானி யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். நான் உனக்குப் பின்னால், கையை நீட்டினால் உன் தோளில் படும் தூரத்தில் நின்றேன். "கிளறன்ஸ்" என்றேன். "தம்பி" என்றேன். பிறகு வெட்கத்தை விட்டு "மல்லி!" என்று அதையே சிங்களத்தில் கத்தினேன். மெழுகுதிரி விற்கும் மனுசி திரும்பினாள். இரண்டு மூன்று பெடியன்கள் திரும்பினார்கள். நீ திரும்பவில்லை. புறாக்களைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாய்.

உனக்கு முன்னால் வந்து நிற்கத்தான் நினைத்தேன். வந்து நின்றாலும் என்ன சொல்வேன்? எதைச் சொன்னாலும் உனக்கு விளங்காதே. சிங்களத்தில் சொல்லலாம், ஆனால் அழுகை வந்தால் எனக்குச் சிங்களம் வராது. திரும்பி பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

மாதாவே, இத்தனை வருஷம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்! நீ கத்திக் கதைப்பது ஆமித் திமிர் என்று நினைத்தேன். எங்கள் மொழியை மறந்துவிட்டாய், எங்களையே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அடேய், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டியிருந்தால் என்ன? விசரா!

சரி, போதும். இனி அக்கா சொல்வதைக் கேள்.

அவர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தார். பொத்தான் அழுத்தத் தேவையில்லாத பரிசோதனை ஒன்று இருக்கிறதாம். தலையில் வயர் ஒட்டிவிட்டு நீ நித்திரை கொண்டால் போதும், காதுக்குப் போன சத்தம் மூளைக்குப் போகிறதா என்று இயந்திரமே சொல்லுமாம். அதில் யாரும் நடிக்க முடியாது. டொக்டர் ஹப்ஸா என்று ஒரு காது டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறார். எனக்கு வர முடியாது, அன்றுதான் அவருக்குக் கண் ஒபரேஷன். டில்ஷானியைக் கூட்டிக்கொண்டு போ.

உன் கெட்டித்தனத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போ. டொக்டர் கதைக்கத் தொடங்கினால் கண்ணை மூடு. விளங்கினதா? கண்ணை மூடு!

சத்தியக் கடதாசியை எழுதத் தொடங்கிவிட்டேன். நீ வேண்டாம் என்றாலும் தருவேன்.

டொலி அக்கா


கொட்டாஞ்சேனை
27.03.2024

அன்புள்ள அக்கா,

பின்னால் நின்று கூப்பிட்டு என்னைச் சோதித்தீர்களா? நல்ல அக்கா! தோளில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். வாசித்துவிட்டு டில்ஷானி என்னைவிட அதிகமாக அழுதாள். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி என் தொண்டை போய்விட்டது.

அத்தானின் கண் எப்படி? 

டொக்டர் ஹப்ஸா சின்ன வயதுப் பெண். எதிரே உட்கார்ந்து சிங்களத்தில் கேட்கத் தொடங்கினார். நான் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். டில்ஷானி காலில் மிதித்தாள். அப்போதுதான் உங்கள் கட்டளை ஞாபகம் வந்தது. கண்ணை மூடினேன். அக்கா, ஷெல் விழுந்த நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. கண்ணை மூடினால் எனக்கு உலகமே இல்லை. யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், ஒன்றும் தெரியாது. இவ்வளவு காலமும் அந்தக் கண்ணை நம்பித்தான் உயிர் வாழ்ந்திருக்கிறேன்.

டில்ஷானி உங்கள் கதையைச் சொல்லியிருக்கிறாள், தமிழுக்கு மட்டும் செவிடு என்பதை. டொக்டருக்கு ஒரே சந்தோஷம். உடனே என் முகத்துக்கு நேரே வந்து தமிழில் கதைத்தார். நான் அந்த வாயை உற்றுப் பார்த்தேன். என்னுடைய மொழி, அம்மா கதைத்த மொழி, எனக்கு எதிரே அசைகிறது, ஒரு சொல்கூட விளங்கவில்லை. என்னை அறியாமல் கண்ணீர் வந்துவிட்டது. "ஏன் அழுகிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். அது உடனே விளங்கியது.

கேட்கும் காது உள்ளவனுக்கு இரண்டு மொழியும் ஒரே மாதிரிக் கேட்கும், இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம் என்று அவர் சொன்னார்.

பிறகு வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். நான் குறட்டை விட்டேனாம். எவ்வளவு சத்தம் கொடுத்தும் இயந்திரத்தின் கோடு அசைந்து கொடுக்கவில்லையாம். எழுந்ததும் டொக்டர் அந்தத் தாளைக் காட்டி, "நீங்க பொய் சொல்லயில்ல" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தார். அக்கா, அந்த ஒரு வரியைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு அலைந்திருக்கிறேன்.

ஆனாலும் சபை இருக்கிறது. திரும்பவும் அனுப்பிவிடுவார்களோ என்று அவர்களுடைய பழைய கடிதத்தை எடுத்து எடுத்து வாசிக்கிறேன்.

அன்புத் தம்பி
கிளறன்ஸ்


வெள்ளவத்தை
07.04.2024

அன்புள்ள தம்பி,

அவர் கண் நல்ல சுகம். கட்டு அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, "நீர் இவ்வளவு நரைச்சிட்டீரா?" என்றார். பழைய கண்ணே பரவாயில்லை.

சத்தியக் கடதாசி இத்தோடு வருகிறது. சமாதான நீதவான் வாசித்துவிட்டுச் சிரித்தார். சின்ன வயதில் உன் காது எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமே, நான் என்னத்தை எழுத? ஐஸ்கிறீம் வான் அடுத்த தெருவில் வரும்போதே நீ செருப்பில்லாமல் ஓடுவாய். அடுப்படியில் அம்மாவும் நானும் குசுகுசுத்தால், வாசலில் இருந்து "எனக்கும் வேணும்" என்று கத்துவாய். அதைத்தான் எழுதினேன். கோயில் வாசலில் நான் கூப்பிட்டதையும் எழுதினேன். கூப்பிட்டவள் உன்னை நம்பாமல் வந்தவள் என்பதையும் சேர்த்தேன். நம்பி வந்தவளின் சாட்சியைவிட நம்பாமல் வந்தவளின் சாட்சிக்குப் பெறுமதி கூட என்று நீதவான் சொன்னார்.

திரும்ப அனுப்பினால் அனுப்பட்டும். திரும்பவும் போவோம். இனி நானும் வருவேன்.

உன்னை ப்ளொக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. கடிதத்தில்தான் நீ பாதியில் எழும்பி ஓடமாட்டாய்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிக்காதே. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று மெதுவாகத் தமிழ் கதைத்துப் பழகுகிறேன், வாயைத் திறந்து, முகத்தைத் திருப்பாமல். அவர் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

சபையின் பதில் வந்ததும் முதல் ஞாயிறு நீயும் டில்ஷானியும் இங்கே சாப்பாட்டுக்கு வர வேண்டும். முடிவு எதுவானாலும்.

டொலி அக்கா


கொட்டாஞ்சேனை
21.05.2024

என் அக்கா,

கிடைத்துவிட்டது! மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கடிதம் இன்று காலை வந்தது. டில்ஷானி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

போன வாரம் சபையில் நடந்ததை உங்களுக்கு எழுதவில்லை. முடிவு வருமுன் எழுதப் பயம். உள்ளே மூன்று பேர். அதே தலைவர். டொக்டரின் அறிக்கையையும் உங்கள் கடதாசியையும் முன்னால் வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன், "சேர், இந்தக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருக்கலாமா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்துகொண்டே இருந்தேன். சுவரில் ஈரம் ஊறி வண்ணம் உரிந்திருந்தது. என்னடா இன்னும் தொடங்கவில்லையே, தாள்களைப் புரட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். கடைசியில் யாரோ தோளில் மெதுவாகத் தொட்டார்கள். திரும்பினால் தலைவர் எழும்பி என் பக்கத்தில் நிற்கிறார். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்துவிட்டாராம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், மேசையிலும் தட்டினாராம். என் முகத்தைப் பார்த்து ஆறுதலாக "சமாவென்ன" என்றார். மன்னிப்புக் கேட்டார் அக்கா. அவ்வளவு பெரிய மனிதர், என்னிடம்.

எனக்கு அந்த இடத்திலேயே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. இனி நான் யாருக்கு முன்னாலும் கேட்கிற மாதிரி இருக்கத் தேவையில்லை. சந்தைக்குப் போனாலும் "எனக்குக் காது கேட்காது, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறேன். வெட்கமே இல்லை. காதுக் கருவிக்கும் எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஞாயிறு வருகிறோம். டில்ஷானி வட்டிலாப்பம் செய்கிறாளாம். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

கிளறன்ஸ்


கொட்டாஞ்சேனை
27.05.2024

அக்கா,

நேற்று உங்கள் வீட்டை விட்டு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று நினைப்பீர்கள். நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் நீங்கள் என் எதிரே உட்கார்ந்து, வாயை இவ்வளவுக்குத் திறந்து, "சோ...று வே...ணு...மா" என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அப்படி யாரும் கதைப்பதில்லை அக்கா. விளங்கினது போலத் தலையாட்டினேன். மன்னிக்கவும். நீங்கள் மூன்றாம் தடவையும் சோறு போட்டது அதனால்தான்.

ஆனால் புறப்படும்போது ஒன்று நடந்தது. டில்ஷானி செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேற்றடியில் நின்றேன். நீங்கள் வாசலில் நின்று அத்தான் பக்கம் திரும்பி, சாதாரணமாக, வேகமாக, எனக்குத் தெரியாது என்ற நினைப்பில் ஏதோ சொன்னீர்கள். நான் உங்கள் வாயைப் பார்த்தேன். "பாவம், மெலிஞ்சு போனான், மிச்சக் கட்லெட்டைக் கட்டிக் குடுங்கோ."

தமிழ் அக்கா! தமிழ்! என் கண்ணை நானே நம்பவில்லை. ஆசைப்பட்டதைப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். டில்ஷானி "யமு, யமு" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள், நான் அசையவில்லை. நான் பார்த்தது சரியென்றால் அத்தான் உள்ளே போய்ப் பொதியோடு வரவேண்டும். நின்றேன்.

அத்தான் பொதியோடு வந்தார்.

மருத்துவச் சபைக்கு மட்டும் சொல்லிப்போடாதீர்கள்.

கிளறன்ஸ்